சுப்பராயலு கேட்ட கல் கேள்வி

விழுப்புரத்தில் காலைப் பாசஞ்சர் ஏறித் திண்டிவனத்தில் இறங்குகிற எங்கள் பெட்டியில் யாராவது புதிதாக வந்து உட்கார்ந்தால் எனக்கு அவர்கள் மேல் பரிதாபமாக இருக்கும். வண்டி முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் சுப்பராயலு அவர்களைப் பிடித்துக்கொள்வார். முதலில் ஊர் கேட்பார், அப்புறம் வேலை கேட்பார், அப்புறம் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "ஒரே ஒரு கேள்வி கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்பார். தப்பாக எடுத்துக்கொள்ளாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி இதுதான். "கடவுளால எல்லாம் முடியும்னு சொல்றீங்க இல்ல? அவராலயே தூக்க முடியாத ஒரு கல்லை அவரால உண்டாக்க முடியுமா?" முடியும் என்றால், "அப்ப அந்தக் கல்லைத் தூக்க முடியாது. எல்லாம் முடியல" என்பார். முடியாது என்றால், "அப்ப கல்லு பண்ண முடியல. அப்பவும் எல்லாம் முடியல" என்பார். சொல்லிவிட்டு நல்ல சாப்பாடு சாப்பிட்டு எழுந்தவர் போல ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். மாட்டிக்கொண்டவர் விக்கிரவாண்டியில் இறங்கி வேறு பெட்டிக்கு ஓடிவிடுவார்.

பதினோரு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டு போய் வருகிறேன். என் பெயர் மலர்விழி. திண்டிவனத்தில் ஒரு பரிசோதனை லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. நாள் முழுக்க ஊசியைப் பார்த்து அலறுகிற ஜனங்களைச் சமாளிக்க வேண்டியவள் தலையில் காலையிலேயே கல்லைத் தூக்கிப் போட்டால் கோபம் வருமா வராதா? வரும். ஆனால் அந்த மனுசன் ஒரு நாள் வராவிட்டால் எங்கள் பெட்டியில் யாருக்கும் பேச்சே ஓடாது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவருக்குத் தொழில் மோட்டார். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குப் புதுசாகச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொடுக்கும் பட்டறை, திண்டிவனத்தில். விவசாயி ஒருவர் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கி, "எவன் கண்ணு பட்டுதோ" என்றால் போதும், சுப்பராயலு அவரை உட்காரவைத்துக் கருகிய கம்பியை உருவிக் காட்டுவார். "இதோ பாருங்க, வோல்டேஜ் கம்மியில ஓட்டியிருக்கீங்க. மோட்டார் எரிஞ்சா காரணம் இருக்கும். தலையெழுத்துன்னு சொல்லிக்கினு என்னால காயில் கட்ட முடியாது." ஆனால் வேலை முடிந்து எடுத்துப்போகும்போது அவர்கள் மோட்டாரில் எலுமிச்சம்பழம் கட்டினால் தடுக்கமாட்டார். "கட்டிக்கங்க. பழம் கரண்டு இழுக்காது" என்பார்.

வீட்டில் அவர் மனைவி சின்னபொண்ணு அக்கா. அவருக்கு இல்லாத பக்தியையும் சேர்த்து அக்காவே செய்துவிடுவாள். கல் கேள்வியைக் கல்யாணமான புதிதில் அவளிடமும் கேட்டிருக்கிறார். அக்கா அரிசி களைந்துகொண்டே, "சாமி ஏன் கல்லு தூக்கணும்? அவரு இன்னா சித்தாளா?" என்றாளாம். அதோடு அந்த வீட்டில் அந்த விவாதம் முடிந்தது.

ரயிலில் முடியவில்லை. காரணம் சகாயராஜ் வாத்தியார். கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலில் பைபிள் வாசிக்கிறவர். எங்கள் பெட்டியில் சுப்பராயலுவுக்குச் சரிக்குச் சரி நின்ற ஒரே ஆள்.

"கேள்வியே கோணல்யா" என்பார் வாத்தியார். "நேத்துப் போன ரயில்ல இன்னிக்கி சீட்டு பிடிக்க முடியுமா? முடியாது. அது உமக்குப் பலம் இல்லாததால இல்ல. அப்படி ஒரு காரியமே கெடையாது. வெறும் வார்த்தைய அடுக்கி வெச்சிக்கினு அதைக் கடவுள் செய்யலன்னு கேஸ் போடறீர்."

"சரி, அப்ப செய்யக்கூடியது, செய்யக்கூடாததுன்னு ஒரு லிஸ்ட் இருக்கு" என்பார் சுப்பராயலு. "அந்த லிஸ்ட்டைப் போட்டது யாரு? அவரே போட்டாருன்னா மாத்தலாம். வேற ஒருத்தர் போட்டாருன்னா எனக்கு அந்த ஒருத்தரக் காட்டுங்க."

வண்டி மயிலம் வந்து நிற்கும். பெட்டியில் பாதிப் பேர் முருகனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்த ஒரு நிமிடம் மட்டும் இரண்டு பேரும் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். வண்டி கிளம்பியதும் மறுபடி லிஸ்ட்.

ஒரு நாள் தலைவலி தாங்காமல் நானே குறுக்கே புகுந்தேன். "சார், தூக்க முடியாத கல்லை அவர் உண்டாக்குவாரு. அப்புறம் அதையும் தூக்குவாரு. எல்லாம் முடியும்னா இதுவும் முடியணும் இல்ல?"

சுப்பராயலு என்னை உற்றுப் பார்த்தார். "மலரு, இது தர்க்கம் இல்ல. அடாவடி."

"சாமின்னா அடாவடிதான் சார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்க அவரு இன்னா நம்மள மாதிரி டெய்லி பாசஞ்சரா?"

வாத்தியார் சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டுக் குழந்தை எழுந்துகொண்டது. அன்றைக்குத் திண்டிவனம் வரைக்கும் சுப்பராயலு வாய் திறக்கவில்லை. வாத்தியார் இன்றைக்கும் அதைத் தன் வெற்றியாகத்தான் சொல்லிக்கொள்கிறார். ஆண்பிள்ளைகள் குணம்.

இப்படிச் சிரித்துக்கொண்டு போன மனுசன் மேல் உண்மையாகவே ஒரு கல் விழுந்தது. சுப்பராயலுவுக்குக் கெடாரில் பூர்வீக நிலம். அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரில் ஒன்று இவருக்கு, ஒன்று அண்ணனுக்கு. அண்ணன் பெயர் பெரியதம்பி. அப்பா சாகும்போது சுப்பராயலுவுக்குப் பதினொரு வயது. பெரியதம்பி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏர் பிடித்துத் தம்பியை ஐ.டி.ஐ. வரைக்கும் படிக்கவைத்தார். அண்ணன் பக்திமான், தம்பி நாத்திகன். அதனால் இருவருக்கும் சண்டை என்று நினைக்கவேண்டாம். தம்பி சாமி இல்லை என்று பேசினால் அண்ணன், "அவன் படிச்சவன், பேசுவான்" என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கார்த்திகையில் ஒரு புயல் வந்ததே, எங்கள் மாவட்டமே மிதந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் அண்ணன் தம்பி நிலத்துக்கு நடுவே இருந்த எல்லைக்கல் ஒன்றரை அடி நகர்ந்து அண்ணன் பக்கம் நின்றது. பெரியதம்பி போட்டிருந்த மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், ஒரு வரிசை தம்பி பக்கம் போய்விட்டது. புயலுக்கு முந்தின வாரம் நிலத்தில் டிராக்டர் விட்டிருந்தவர் சுப்பராயலு. ஊரில் எவனோ ஒருவன் பெரியதம்பி காதில் ஓதிவிட்டான்.

"வெள்ளத்துல நவுந்திருக்கும்ணா" என்று சொல்லிப் பார்த்தார் சுப்பராயலு.

"கல்லு தானா நவுருமாடா?" என்று கேட்டார் அண்ணன்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடவுளால் தூக்க முடியாத கல்லைப் பற்றி ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், யாருமே தூக்காமல் ஒரு கல் நகர்ந்தது என்று சொல்லவேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டார். சர்வேயரை வைத்து அளந்து கல்லைப் பழைய இடத்திலேயே நட்டார்கள். நிலம் சரியாகிவிட்டது. பெரியதம்பி சரியாகவில்லை. "அளந்தவரு கல்லு எங்க இருக்கணும்னு சொன்னாரு. யாரு நவுத்துனான்னு சொல்லலியே" என்றார். தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

இரண்டு வருடம். சுப்பராயலு ரயிலில் வழக்கம்போல வாதாடினார். ஆனால் போன் அடித்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எடுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு முகம் தொங்கிப்போய் உள்ளே வைப்பார். ஒரு நாள் பேரணி ஸ்டேஷனில் வண்டி கிராசிங்குக்கு நின்றபோது என்னிடம் சொன்னார். "நான் அந்தக் கல்லைத் தொடவே இல்ல மலரு. எங்கண்ணன் என்னைத் திருடன்னு நெனச்சிக்கினு இருக்கான். சாமி இல்லன்னு சொன்னப்பகூட கோச்சிக்காத மனுசன்." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான். துக்கத்தை மறைக்க, "புழுதி சார்" என்றேன். மழை பெய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் மகள் அருணாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை வளவனூர். பத்திரிகையை எடுத்துக்கொண்டு புருசனும் பெண்சாதியும் கெடாருக்குப் போனார்கள். பெரியதம்பி பத்திரிகையைத் தொடவில்லை. "திருவாமாத்தூர் வட்டப்பாறையில வந்து, நான் நவுத்தலன்னு கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணட்டும். நான் வந்து பந்தல்ல நிக்கறேன். இல்லன்னா பெரியப்பன் செத்துட்டான்னு நெனச்சிக்கினு கல்யாணத்த நடத்துங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில், அம்மன் கோயிலில் இருக்கிற அந்தப் பாறை என்றால் பெரிய பெரிய ரவுடிகளுக்கே பேதியாகும். அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவனை அம்மன் விடமாட்டாள் என்று நம்பிக்கை. அவள் எடுத்துக்கொள்கிற கெடு எட்டு நாள் என்பார்கள் சிலர், ஒரு மண்டலம் என்பார்கள் சிலர்.

பெரியதம்பியிடம் யாரோ, "தம்பிக்குத்தான் சாமியே இல்லையே, அவன் பண்ற சத்தியம் செல்லுமா?" என்று கிளப்பிவிட்டார்கள். அதற்குச் சின்னபொண்ணு அக்கா சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. "அவருக்கு சாமி இல்லன்னா இன்னா? சாமிக்கு அவரு உண்டு இல்ல. போதும்."

மறுநாள் ரயிலில் சுப்பராயலு படு குஷியாக ஏறினார். விரலை மடக்கி மடக்கி விளக்கினார். "நான் சத்தியம் பண்றேன். எனக்கு ஒண்ணும் ஆவாது. அப்ப எங்கண்ணன் ரெண்டுல ஒண்ண ஒத்துக்கணும். ஒண்ணு, நான் நவுத்தல. இல்லன்னா, பாறையில ஒண்ணும் இல்ல. எப்படிப் பாத்தாலும் எனக்குத்தான் ஜெயம். இந்த மாதிரி ஒரு டிபேட் எனக்கு ஆயுசுல கெடைக்கல."

வாத்தியார் யோசித்தார். "எட்டு நாளைக்குள்ள உமக்கு ஜலதோசம் பிடிச்சா?"

சுப்பராயலுவின் விரல்கள் மடங்கியபடியே நின்றன. இதை அவர் யோசிக்கவில்லை. வீட்டில் அக்கா யோசித்திருந்தாள். அன்று முதல் அவருக்கு ஐஸ் தண்ணீர் கிடையாது, தயிர் கிடையாது, காலையில் மிளகுக் கஷாயம். சத்தியம் முடிந்தபின் தும்மினால்கூடச் சொந்தக்காரர்கள் அம்மன் பேரில் எழுதிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். உள்ளுக்குள்ளே வேறு பயமும் இருந்தது. என்னிடம் வந்து, "வெள்ளிக்கிழமை நீயும் வாம்மா. அங்க போயி வாய வெச்சிக்கினு சும்மா இருக்கமாட்டாரு. எனக்குப் படபடன்னு வருது" என்றாள். லீவு போட்டுவிட்டுப் போனேன். வாத்தியாரும் வந்தார். எதற்கு என்று கேட்டால், "ஒரு பொதுவான ஆள் வேணாமா" என்றார்.

திருவாமாத்தூருக்கு நாங்கள் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கும்போதே பெரியதம்பி தன் மொபெட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஒடிசலான ஆள், நெற்றி நிறைய விபூதி. தம்பியைப் பார்க்கவில்லை. ஆனால் தம்பி தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்தபோது, அவர் கை தானாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்தது. அப்புறம் ஞாபகம் வந்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அதை நான் பார்த்துவிட்டேன்.

பாறைக்கு முன்னால் வெற்றிலை வைத்து, அதன் மேல் கற்பூரத்தை வைத்து அக்காதான் கொளுத்தினாள். மூன்று தீக்குச்சி வீணான பிறகுதான் பற்றியது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, சொல்லவேண்டியதைச் சொன்னால் சத்தியம் முடிந்தது. அரை நிமிட வேலை. வேறு எவனாக இருந்தாலும் அரை நிமிடத்தில் முடித்திருப்பான்.

சுப்பராயலு கையைத் தூக்கினார். தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு வாத்தியார் பக்கம் திரும்பினார். "ஒரு சந்தேகம். நான் நவுத்தலன்னு சொல்லவா, எனக்குத் தெரிஞ்சி நவுத்தலன்னு சொல்லவா?"

"யோவ், அடிய்யா" என்றார் வாத்தியார்.

"இல்ல, சரியா சொல்லணும் இல்ல? நான் விட்ட டிராக்டரு, எனக்குத் தெரியாம லேசா இடிச்சிருந்தா அது நான் நவுத்துனதா ஆவுமா? அப்ப நான் சொல்றது பொய்யா, இல்ல தப்பான தகவலா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை வருடமாக வார்த்தையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்த வாய், இந்த நேரத்திலாவது சும்மா இருந்ததா? எனக்கும் வாத்தியாருக்கும் அவர் குணம் தெரியும். அது அவர் நேர்மை. ஆனால் எதிரே நின்ற பெரியதம்பிக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. சத்தியம் பண்ண வந்தவன் தடுமாறுகிறான், வார்த்தையில் சந்து தேடுகிறான் என்று தெரிந்தது. அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

"சரி, சுருக்கமாவே சொல்லிடறேன்" என்று சுப்பராயலு மறுபடி கையை ஓங்கினார்.

அதற்குள் பெரியதம்பி ஒரே எட்டில் குறுக்கே வந்து விழுந்தார். தம்பியைத் தோளால் தள்ளிவிட்டு, தன் உள்ளங்கையைக் கற்பூரத்தின் மேல் ஓங்கி அடித்தார். "என் தம்பி கல்லை நவுத்தல. இது சத்தியம்" என்றார்.

கற்பூரம் அணைந்து புகை வந்தது. யாருக்கும் எதுவும் புரியவில்லை. முதலில் புரிந்தது அக்காவுக்குத்தான். "மாமா, இன்னா காரியம் பண்ணிட்டீங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாத்துக்குண்ணா நீ அடிச்ச? சத்தியம் நான்தானே பண்ணணும்?" என்றார் சுப்பராயலு. கிடைத்த டிபேட் கைநழுவிப் போன எரிச்சல்தான் அவர் குரலில் முதலில் இருந்தது.

பெரியதம்பி கீழே பார்த்துக்கொண்டு பேசினார். "நீ தடுமார்றதப் பாத்தா தெரியல? நீ பொய்ச் சத்தியம் பண்ணிட்டுப் பொண்ணு கல்யாணத்துல பொணமா கெடக்கறதுக்காடா நான் உன்னப் படிக்கவெச்சேன்? எனக்கு அறுபத்திநாலு ஆவுது. எல்லாம் பாத்துட்டேன். வர்றது எனக்கு வரட்டும்."

 அந்த மனுசன் கணக்கில் தம்பி திருடன்தான், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அம்மன் விடமாட்டாள், அதிலும் சந்தேகம் இல்லை. இரண்டையும் முழுசாக நம்பிக்கொண்டுதான் பொய் என்று தான் நினைத்த சத்தியத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டிருக்கிறார். சிவந்துபோன உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு பாறைக்கு முன்னால் நின்றார்.

சுப்பராயலுவுக்கு இப்போதுதான் உறைத்தது. அண்ணன் கையைப் பிடித்தார். "ண்ணா, பயப்படாத. உனக்கு ஒண்ணியும் ஆவாது. இது வெறும் கல்லுண்ணா."

பெரியதம்பி தலையை ஆட்டினார். அந்த வார்த்தை அவருக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை, இன்னும் பயத்தைத்தான் தந்தது. "பேசாதடா. அவ முன்னாடி நின்னுக்கினு அப்படிப் பேசாத. எட்டு நாள்ல என் கதை முடிஞ்சிடும்டா. அருணாவுக்கு முகூர்த்தம் எட்டு நாளைக்குள்ள இல்லியே, அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

வாத்தியாரைப் பார்த்தேன். ஏதாவது சொல்லி உதவுவார் என்று நினைத்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.  அண்ணன் பயம் தெளியவில்லை. நான் சுப்பராயலுவை இவ்வளவு நாளாகப் பார்க்கிறேன், ஒரு வார்த்தைக்காக அவர் அப்படித் திணறி நான் பார்த்ததில்லை.

"அம்மனுக்குத் தெரியும்ணா" என்றார்.  "நான் நவுத்தலன்னு அவளுக்குத் தெரியும். நீ சொன்னது பொய் இல்ல. அவ உன்ன ஒண்ணும் பண்ணமாட்டா."

பெரியதம்பி முதல்முறையாக நிமிர்ந்து தம்பி முகத்தைப் பார்த்தார். 

"யாரு சொல்றது, நீயாடா?"

"நான்தாண்ணா."

"அவளுக்குத் தெரியும்னு நீ சொல்ற."

"ஆமாண்ணா."

"அப்ப நெசமாவே நீ நவுத்தல."

"அதத்தாண்ணா ரெண்டு வருசமா சொல்லிக்கினு கெடக்கறேன்."

பெரியதம்பி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்து, அதே துண்டால் தம்பியின் ஈரத்தலையை இரண்டு தடவை முரட்டுத்தனமாகத் துவட்டினார். சுப்பராயலு சின்னப் பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்து கொடுத்தார்.

"பந்தக்கால் என்னிக்கிடா நடறீங்க?" என்று கேட்டார் பெரியதம்பி.

"நீ வர்ற அன்னிக்கிண்ணா" என்றார் சுப்பராயலு.